பிட்ச் போட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மாணவர் அணிகள் தங்கள் புதுத் தொழில் திட்டத்தைச் சில நிமிடத்தில் நடுவர்கள் முன் எடுத்துச் சொல்லும் ஸ்டார்ட்அப் பிட்ச் போட்டி முடிந்து, பரிசுத் தொகையும் அணிகளின் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. பரிசு வாங்கியவர்களின் படம் இந்நேரம் எல்லார் கைப்பேசிக்கும் வந்திருக்கும். படத்தில் இல்லாதவர்களுக்குத்தான் இந்த மடல். யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஜூனியர்களுக்கும், கோவையைச் சுற்றி இப்படியொரு போட்டி நடத்த நினைக்கும் மற்ற கல்லூரிகளுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, கல்லூரி வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த வழிகாட்டி அமர்வுகளில் அணிகளின் கணக்கை அதிகம் திருத்தியது அவர்தான். இட்லி மாவு பாக்கெட் விற்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாக்கெட் 45 ரூபாய். அரிசி, உளுந்து, அரவை, கரண்ட் எல்லாம் சேர்த்து 24. கவரும் லேபிளும் 3. வண்டிச் செலவு 12. கடைக்காரர் கமிஷன் 10 சதவீதம், அதாவது 4.50. மீதி 1.50 ரூபாய். ஸ்லைடில் கணக்கு இதோடு நின்றுவிடும்; அதை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பாக்கெட் என்று பெருக்கினால் பார்க்கவும் அழகாக இருக்கும். அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி: “புளிச்சுப் போனது யார் கணக்கு?”

விற்காத மாவுக்குக் கடைக்காரர் பணம் தரமாட்டார், பாக்கெட் திரும்பி வரும். இருபதில் ஒன்று திரும்பினாலே போதும். 19 பாக்கெட்டுக்கு வரவு 769.50 ரூபாய், 20 பாக்கெட்டுக்குச் செலவு 780. 30 ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் 10.50 நட்டம். விலையைக் கூட்டுவதா, வண்டிச் செலவைக் குறைப்பதா, முன்பதிவுக்கு மட்டும் போடுவதா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும். அதுதான் தொழில் பேச்சு. 140 கோடி மக்களில் ஒரு சதவீதம் பேர் வாங்கினால் என்று தொடங்கும் ஸ்லைடுகளை அவர் கையோடு எடுக்கச் சொன்னார். ஒரு வண்டி காலை ஏழு மணிக்குள் எத்தனை கடைக்குப் போகும், ஒரு கடையில் எத்தனை பாக்கெட் ஓடும்? 40 கடை, கடைக்கு 8 என்றால் 320 பாக்கெட். சந்தையின் அளவை அங்கிருந்து மேலே கட்டச் சொன்னார். நடுவர்களும் பின்னால் இதையேதான் கேட்டார்கள்.

கோவை கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பொருள் செய்யும் அணிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டியின் விலையை, லட்சக்கணக்கில் அடித்தால் என்ன வருமோ அந்த விலையாகவே போட்டுவிடுகின்றன. பெட்டியை வார்க்கும் அச்சுக்கு 2 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டு அவர் போட்டுக் காட்டினார்: 200 பீஸ் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 1,000 ரூபாய் ஏறும், 10,000 பீஸ் போனால்தான் அது 20 ரூபாய்க்கு இறங்கும். முதல் நூறு பீஸுக்கு அச்சே வேண்டாம், தகடு வளைத்துச் செய்யுங்கள் அல்லது 3டி பிரிண்ட் போதும் என்றார். பிரிண்ட் போடுவதிலும் ஒரு எச்சரிக்கை. ஆய்வகத்தில் சுலபமாகக் கிடைக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் மூடி வளைந்து, திருகுத் துளை ஒட்டாமல் போகும். வெளியில் மாட்டுகிற பொருளுக்கு பெட்ஜி அல்லது ஏ.பி.எஸ். இழை.

அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு மேடத்துக்கு நாங்கள் பட்ட கடன் தனி. மேடையில் சொல்லிவிட்டால் யாராவது திருடிவிடுவார்களோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையான ஆபத்து வேறு: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பொது மேடையில் செயல்முறையை விளக்கிவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடும், தங்கள் கண்டுபிடிப்புக்குத் தாங்களே காப்புரிமை கேட்க முடியாத நிலை வரும். இந்தியச் சட்டத்தில் கண்காட்சிக்கு விலக்கு உண்டுதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு அது. கல்லூரி விழா அதில் சேராது. ஒத்திகை வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டாலும் வெளியிட்டதாகத்தான் கணக்கு.

அதற்கு வழி, போட்டிக்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பின் முதல்கட்ட விளக்கத்தோடு, விண்ணப்பித்துவிடுவது. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்பிக்க நேரமில்லாத அணிகளுக்கு அவர் சொன்னது: என்ன பயன் என்பதைக் காட்டுங்கள், எப்படி நடக்கிறது என்பதைக் காட்டாதீர்கள். நடுவர்களிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கலாமா என்று பலர் கேட்டார்கள். முதலீட்டாளர்கள் முதல் சந்திப்பில் பொதுவாகப் போடமாட்டார்கள், கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். இன்னொன்றையும் அவர் நினைவூட்டினார். கல்லூரி ஆய்வகத்தையும் பணத்தையும் பெருமளவு பயன்படுத்திச் செய்த கண்டுபிடிப்பு, மாணவருக்கும் கல்லூரிக்கும் கூட்டு உரிமை என்பதே மாணவர், ஆசிரியர்களுக்கான 2019-ஆம் ஆண்டு தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையின் நிலை. இறுதியாண்டு புராஜெக்டைக் கம்பெனியாக்க நினைப்பவர்கள் தங்கள் கல்லூரியின் விதியை முதலில் படித்துவிடுங்கள்.

ஒரு ரூபாய் வாங்காமல் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்த ஆடிட்டர் ஐயாவுக்கும் நன்றி. கம்பெனி தொடங்கும் மூன்று நண்பர்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவிடுகிறார்கள். கேம்பஸில் வேலை கிடைத்ததும் ஒருவர் போய்விடுவார், பங்கு மட்டும் அவர் பெயரில் தங்கிவிடும். பங்குகள் நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் எதுவும் இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டால் நட்பும் மிஞ்சும். தனி உரிமையாளர் நிறுவனத்துக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் கிடைக்காது என்பதையும் அன்றுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

இனி போட்டி நாள். பொன்னாடைகளை மாலைக்குத் தள்ளி வைக்க ஒப்புக்கொண்ட நிர்வாகத்துக்குக் கைகூப்பி நன்றி! கேட்கச் சிறிய விஷயமாக இருக்கும். 24 அணிகள், பேச 5 நிமிடம், கேள்விக்கு 4, இறங்கி ஏற 2 என்றால் மொத்தம் 264 நிமிடம், அதாவது 4 மணி 24 நிமிடம். ஒரே அரங்கில் இதை நடத்தினால் இறுதிச் சுற்றுக்கு இருட்டிவிடும். இரண்டு அரங்காகப் பிரித்தால் அரங்குக்கு 12 அணி, 132 நிமிடம்; பத்து மணிக்குத் தொடங்கினால் தேநீர் இடைவேளை சேர்த்தும் பன்னிரண்டரைக்குள் முடியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்பு எல்லாம் 20 நிமிடத்தில் முடிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தொடக்க விழா ஒரு மணி நேரம் இழுத்தால் அந்த நேரம் கடைசியில் பேசும் அணிகளின் கேள்வி-பதிலிலிருந்துதான் பிடுங்கப்படும். ஆறே நிமிடத்தில் பேசி அமர்ந்த சிறப்பு விருந்தினருக்கும் இதே பத்தியில் நன்றி.

அரங்கின் ஆடியோ அண்ணன் காலை ஏழரைக்கே வந்து எல்லா அணிகளின் ஸ்லைடுகளையும் ஒரே மடிக்கணினியில் ஏற்றிவிட்டார். ஒவ்வோர் அணியும் தன் மடிக்கணினியை மாட்டினால், ஒன்றில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்காது, இன்னொன்றில் திரை இரண்டாகப் பிரிந்து நிற்கும். இரண்டு நிமிட இடைவெளி ஐந்தாகும். கோப்புகள் எல்லாம் பி.டி.எஃப்.; பெயருக்கு முன் வரிசை எண். தமிழில் ஸ்லைடு போட்ட அணிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் பயன்படுத்திய எழுத்துரு அரங்கக் கணினியில் இல்லாவிட்டால் தலைப்பெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். பி.டி.எஃப்.பில் வீடியோ ஓடுமென்று நம்பக் கூடாது என்பதால் வீடியோவைத் தனிக் கோப்பாக வாங்கிக்கொண்டோம்.

கார்ட்லெஸ் மைக்கின் செல்களை, தீரட்டும் என்று காத்திராமல், சாப்பாட்டு இடைவேளையில் மாற்றியதும் அவர்தான். காலர் மைக் மாட்டியவர்களின் ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டதும் அவரே. அந்தக் கயிற்றின் கிளிப் மைக்கில் இடித்து ஐந்து நிமிடமும் டக் டக் என்று கேட்கும்; பேசுகிறவருக்கு மட்டும் அது தெரியாது. துப்பட்டா உரசுவதும் அப்படித்தான். எலக்ட்ரீஷியன் அண்ணன் புரொஜெக்டரை யு.பி.எஸ்.ஸில் போட்டு வைத்திருந்தார். விளக்கு வைத்த பழைய புரொஜெக்டர் கரண்ட் போய் அணைந்தால், ஜெனரேட்டர் வந்த பிறகும் சூடு தணிந்துதான் மறுபடி எரியும். அந்தச் சில நிமிடம் மேடையில் நிற்கும் அணிக்கு ஒரு யுகம்.

நெட்வொர்க் ஆய்வக உதவியாளருக்கு ஒரு நன்றி. மேடையில் காட்டும் மாதிரிப் பொருள் இயங்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வைஃபை. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும், வைஃபை உள்ள சின்ன மின்னணுப் பலகையான இ.எஸ்.பி.32 போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கல்லூரி வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தை அது தானாகத் தாண்டாது. அவர் மேடையருகே 2.4-இல் மட்டும் ஓடும் தனி ரூட்டர் ஒன்றை வைத்துத் தந்தார். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்புகிறவர்கள் அமைப்புகளுக்குள் போய் அது 5 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கும் மாதிரி இயங்குவதைக் காட்டும் 40 வினாடி வீடியோ ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

நேரம் பார்த்த இரண்டாம் ஆண்டுத் தங்கைகளுக்கு: நீங்கள் தயவு காட்டாததற்கு நன்றி. கடிகாரம் ஸ்லைடு தெரிந்ததும் ஓடாது, முதல் சொல்லுக்குத்தான் ஓடும். 2 நிமிடம் மீதி இருக்கையில் பச்சை அட்டை, 30 வினாடிக்கு மஞ்சள், முடிந்ததும் சிவப்பு, மைக் நிறுத்தம். ஓர் அணிக்கு 20 வினாடி விட்டுக்கொடுத்தால், முன்னால் பேசிய அணிகளுக்கு அநியாயம். நீளமாகக் கேள்வி கேட்கும் நடுவருக்கும் அதே மஞ்சள் அட்டையைக் காட்டினீர்களே, அதற்குத் துணிச்சல் வேண்டும்!

நடுவர்களுக்கும், மதிப்பெண் தாளோடு மல்லுக்கட்டிய தன்னார்வலர்களுக்கும் விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும். மதிப்பெண் பிரித்தது இப்படி: எடுத்துக்கொண்ட பிரச்சினை 20, வாடிக்கையாளரிடம் பேசியதற்கான ஆதாரம் 25, தீர்வும் மாதிரியும் 20, வரவு செலவு 20, அணி 15. ஆதாரத்துக்கு அதிகம் வைத்ததில் சிலருக்கு மாற்றுக் கருத்து உண்டு, எங்களுக்கு இல்லை. பேச்சுத் திறமைக்குத் தனி மதிப்பெண் கிடையாது, அது மற்ற எல்லாவற்றுக்குள்ளும் தானாகவே புகுந்துவிடும். முதலில் வரும் அணிக்கு நடுவர்கள் ஜாக்கிரதையாக நடுத்தரமாகப் போடுவார்கள், அளவுகோல் இன்னும் மனதில் உருவாகியிருக்காது. அதனால் மூன்றாவது அணி முடிந்ததும் முதல் மூன்றையும் திருத்திக்கொள்ள அனுமதித்தோம். வரிசை குலுக்கலில்தான் வந்தது. தங்களுக்குள் பேசும் முன் ஒவ்வொருவரும் தாளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியை ஒருவர்கூட மீறவில்லை.

இரண்டு அரங்கென்றால் இன்னொரு சிக்கல். ஓர் அரங்கின் நடுவர்கள் கறாரானவர்கள், சராசரி 58. மற்றதில் தாராளம், சராசரி 74 என்று வந்தால், மொத்தத்தில் முதல் ஆறு பேரை எடுக்கும்போது ஆறு பேரும் தாராள அரங்கிலிருந்தே வந்துவிடுவார்கள். அதனால் அரங்குக்கு முதல் மூன்று அணிகள் இறுதிக்கு. காலை மதிப்பெண் அங்கே சேராது, எல்லாரும் பூஜ்யத்திலிருந்து. தான் வழிகாட்டிய அணி வந்தபோது ஒரு நடுவர் தாமே ஒதுங்கிக்கொண்டார். அவருடைய மதிப்பெண்ணுக்கான கட்டத்தை எக்செல்லில் காலியாக விட வேண்டும், 0 என்று அடிக்கக் கூடாது. மற்ற இருவர் 80, 76 போட்டிருந்தால் சராசரி 78. பூஜ்யம் அடித்தால் 52 ஆகிவிடும், அணி காணாமல் போகும். இதைக் கவனித்துச் சொன்ன தம்பிக்குத் தனியாக ஒரு டீ உண்டு. தோற்ற 18 அணிகளுக்கும் கைப்பட இரண்டு வரியாவது எழுதித் தந்த நடுவர்களுக்கு, அந்த அணிகளின் சார்பிலும் நன்றி.

கணக்குப் பிரிவுக்கு: மேடைக்குப் பெரிய அட்டைக் காசோலை, பணத்துக்கு வங்கிப் பரிமாற்றம் என்று நீங்கள் பிரித்தது நல்லது. அணியின் பெயரில் காசோலை எழுதினால் எந்த வங்கியிலும் போட முடியாது, அந்தப் பெயரில் கணக்கே இருக்காது. யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று எல்லா உறுப்பினர்களிடமும் கையெழுத்தும், பாஸ்புக் நகலும், பான் எண்ணும் பதிவின்போதே வாங்கியதால்தான் பணம் இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

நூறு பேருக்குச் சமைத்து, தன்னார்வலர்களை முதல் பந்தியில் உட்கார வைத்த கேன்டீன் மாஸ்டருக்கும், பிட்ச் நடக்கையில் தேநீர்த் தட்டோடு நடுவர்கள் முன் போகாமல் இடைவேளை வரை காத்திருந்த அக்காக்களுக்கும் நன்றி.

மதிப்பெண் தாள்களின் நகல், நடுவர்களின் குறிப்போடு, தொழில்முனைவோர் பிரிவு அலுவலகத்தில் இருக்கிறது. தங்கள் அணியின் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு யு.எஸ்.பி.-சி அடாப்டர், ஒரு நீல நிறத் தண்ணீர் பாட்டில், யாருடையது என்று தெரியாத ஒரு மண் ஈரப்பத சென்சார் ஆகியவை ஆடியோ அண்ணனிடம் உள்ளன. அடையாளம் சொல்லி வாங்கிச் செல்லவும்.

இப்படிக்கு,
போட்டி ஒருங்கிணைப்புக் குழு