ஈமு கோழியின் கதையை யார் எழுதுவது?

தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் பக்கங்களைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். தங்கம் விலையும் சென்செக்ஸ் நிலவரமும் எனக்கு வேண்டும். அவற்றைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை; அந்தச் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களின் கதையும் நூலாக வர வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். இப்போதோ, படித்த மறுநாள் எதுவும் மனத்தில் தங்குவதில்லை. லாபத்தை எடுக்கப் பலர் விற்றதால் சந்தை சரிந்தது என்கிறீர்கள். மறுநாள் சந்தை ஏறுகிறது. அதற்கும் ஒருவரிக் காரணம் வந்துவிடுகிறது. விற்றவர் யார், அவருக்கு என்ன நெருக்கடி என்பது மட்டும் தெரிவதே இல்லை.

ஒரு பெரிய தரகர் ஸ்டேட் வங்கிக்கு 500 கோடி ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார் என்ற செய்தியை 1992 ஏப்ரல் 23 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதியவர் சுசேதா தலால். நாட்டையே உலுக்கிய செய்தி அது. ஆனாலும் அந்தப் பணம் போன வழி எனக்கு விளங்கியது, அவரும் தேபாஷிஸ் பாசுவும் சேர்ந்து எழுதிய 'தி ஸ்கேம்' நூலில்தான். வங்கிகள் அரசுப் பத்திரங்களை விற்று வாங்கியபோது பத்திரத்துக்குப் பதிலாக வங்கி ரசீது என்ற தாள்தான் கைமாறியது. பாங்க் ஆஃப் கராட் போன்ற சிறிய வங்கி, பத்திரமே இல்லாமல் அந்த ரசீதை எழுதிக்கொடுத்தது. அதை நம்பிப் பெரிய வங்கிகள் கொடுத்த பணம் அந்தத் தரகரான ஹர்ஷத் மேத்தாவின் கணக்கு வழியாகப் பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. ஏசிசி என்ற சிமெண்ட் நிறுவனத்தின் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து ஒன்பதாயிரத்தை நெருங்கியது. இதே ஆலையை இன்று கட்டினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பது மேத்தாவின் வாதம். அந்த வாதத்தில் மயங்கியவர்களையும், ரசீதைச் சோதிக்காத அதிகாரிகளையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் ஓர் ஊழல் எப்படி உருவாகிறது என்று புரிகிறது. நல்ல வணிக நூலைக் கீழே வைக்க முடியாமல் போவது இதனால்தான்: அதில் எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இப்படி எழுத விஷயமா இல்லை? பெருந்துறை ஈமு கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவோம், வளர்ப்பதற்கு மாதாமாதம் பணமும் தருவோம் என்றார்கள் ஈமு பண்ணை நடத்தியவர்கள். அந்த இறைச்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி சந்தையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவரின் பணம் முன்பே சேர்ந்தவருக்குப் போனது. 2012இல் எல்லாம் சரிந்தபோது பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று. கைது, ஜாமீன், ஏலம், தீர்ப்பு என்று துண்டு துண்டாகச் செய்திகள் வந்தன. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய விவசாயி யாருடைய பேச்சை நம்பினார், முதல் மாதப் பணம் வந்ததும் எந்த உறவினரைச் சேர்த்துவிட்டார், பின்னர் அவர் முகத்தில் எப்படி விழித்தார்? இவற்றை நான் எங்கும் முழுதாகப் படித்ததில்லை.

இதை எழுதக்கூடியவர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். ஈரோட்டிலும் கோவையிலும் அந்த வழக்குகளைப் பின்தொடர்ந்த செய்தியாளர்களின் குறிப்பேடுகளில் பாதி நூல் ஏற்கெனவே இருக்கும். அவர்களில் ஒருவரை ஆறு மாதம் அன்றாடச் செய்திப் பணியிலிருந்து விடுவியுங்கள். ஞாயிறு இணைப்பில் தொடராக வெளியிட்டு, பிறகு நூலாக்குங்கள். அன்று நாளிதழ்களில் வந்த ஈமு விளம்பரங்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்