ரிப்போர்ட் நார்மல், எனக்குத்தான் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைராய்டு மிகையாகச் சுரந்ததால் போன வருடம் கதிரியக்க அயோடின் குளிகை விழுங்கினேன். படபடப்பும் கைநடுக்கமும் அடங்கின, உண்மை. அப்புறம் வருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் குளியலறைச் சல்லடையில் பந்து பந்தாக முடி. நாங்கள் இருப்பது நான்காவது மாடி. லிஃப்ட் பழுதான ஒருநாள், இரண்டாவது மாடியிலேயே அரிசிப் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொடையில் பலமே இல்லை. எடை வேறு 7 கிலோ கூடியது. “தின்னுட்டுத் தூங்குறே” என்றார் மாமியார். (அவருக்கு 74 வயது, படியேறுவதில் என்னை மிஞ்சுவார்.)

கிளினிக்கில் கேட்டால் “ரிப்போர்ட் நார்மல்” என்று ஒரே வரி. வேறொரு மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சுரப்பி மந்தமாவது வழக்கமாம். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு உண்மை நிலையைக் காட்டச் சில மாதங்கள் பிந்தலாம், அதனால் டி4 (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்) அளவையும் பார்க்க வேண்டும். முன்பு மிகைச் சுரப்பால் கரைந்த தசை தேறவும் மாதக்கணக்காகும்.

மந்தமான சுரப்பிக்கு ஈடாகத் தரும் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, பசியாற அரை மணி நேரமாவது காத்திருக்கச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. நானோ இரண்டையும் சேர்த்து தே தாரேக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) விழுங்கிக்கொண்டிருந்தேன்! இதையெல்லாம் மருந்து கொடுக்கும்போதே ஒரு துண்டுத்தாளில் தமிழிலும் தந்தால் என்ன?

கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் இன்னும் உண்டு. சென்ற வாரம் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளில் பாதி ஏறினேன். மீதிக்குத் தைப்பூசம் வரை நேரமிருக்கிறது.

ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு