கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் லாரி அண்ணனுக்கு நன்றி

சனிக்கிழமை ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில், கைப்பேசியில் ஓடிய ஆலாபனை மோகன ராகமா கல்யாணி ராகமா என்று நாங்கள் மல்லுக்கட்டியபோது, பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்த அண்ணே, நன்றி!

"எனக்குச் சங்கீதம்லாம் தெரியாது தம்பி. ஆனா ஏறுறப்ப ஒரு வழி, எறங்குறப்ப வேற வழியாவுல வர்றாரு!" என்றீர்கள். விடையே அதுதான். அது மோகனகல்யாணி. ஏறும்போது மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) விட்டுப்போய் மோகனத்தின் ஐந்து சுரம்; இறங்கும்போது கல்யாணியின் ஏழும் வரும். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945) தந்த ராகம். முறையாகப் படித்த நாங்கள் பேர் வைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டோம். (எங்கள் வயலின்காரருக்கு இன்னும் முகம் சரியில்லை.)

கிள்ளானில் லோடு இருக்கிறதென்று தே தாரிக் டீக் காசைக்கூட எங்களைக் கொடுக்கவிடாமல் கிளம்பிவிட்டீர்கள். அடுத்த முறை எங்கள் மேசையிலேயே உட்காருங்கள் அண்ணே. சாருகேசி ராகத்தில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.