லாரிக்கு உள்ள சீட்டு எங்களுக்கும் வேண்டும்

மாநகர ஊர்க்காவல் படைக்குப் புதிதாக ஆள் சேர்க்கும் காவல்துறை உயர் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சொந்த வேலையும் பார்த்துக்கொண்டு, கூப்பிடும்போது போலீசுக்குத் துணையாக வந்து நிற்கும் தன்னார்வலர்கள் நாங்கள். ஆள் சேர்க்கும் அறிவிப்பைப் பார்த்தோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, உடல்தகுதி, வழக்கு எதுவும் இருக்கக்கூடாது, அப்புறம் மறக்காமல் ‘சேவை மனப்பான்மை’. பகலில் நான் ஜெராக்ஸ் கடைக்காரன். அதனால் ஒரு வாரமாக இந்த விண்ணப்பங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. “அண்ணே, நீங்களும் அதுலதானே இருக்கீங்க, சேரலாமா?” என்று நேற்று ஒரு பையன் கேட்டான். ஒன்றும் சொல்லாமல் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். அவனிடம் சொல்லாமல் விட்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆள் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும். கார்த்திகை பிறந்தால் அய்யப்ப பக்தர்களின் வண்டிகள். வருடம் முழுக்கக் கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள். ராத்திரியில் இங்கிருந்து ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகிறது, அங்கிருந்து கோழிக் கழிவு இந்தப் பக்கம் வருகிறது. காவல் நிலையத்தில் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. டூட்டிக்கு அழைக்கும் ஒவ்வொரு முறையும், அழைத்ததை எழுத்தில் தாருங்கள்.

இப்போது அழைப்பு எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்டதுண்டா? ராத்திரி எட்டரைக்குப் போன் வரும். “ஆள் பத்தல, வந்திரு.” அவ்வளவுதான். ஷட்டரை இறக்கிவிட்டு, காக்கி மாட்டிக்கொண்டு போய் நிற்போம். போன கார்த்திகையில் எங்கள் படையைச் சேர்ந்த ஓர் அண்ணனும் அப்படித்தான் போய் நின்றார். நல்ல மழை. டார்ச்சும் ரெயின்கோட்டும் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. அதிகாலை இரண்டு மணி இருக்கும், முகப்பு விளக்கு எரியாத டெம்போ ஒன்று அவர் வலது காலில் ஏறி இறங்கிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவு எழுதுகிறவர் கேட்டார், “டூட்டியா, சொந்த வேலையா?” டூட்டி என்றோம். நிலையத்துக்குப் போன் போட்டார்கள். அந்த ராத்திரிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று பதில் வந்தது. எந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த போன் எனக்கு வராது.

மறுநாள் ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பார்த்தேன். ‘சாலையைக் கடக்கும்போது’ என்று எழுதியிருந்தது. ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் நின்ற மனிதர், காகிதத்தில் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

சீனப் போருக்கு அடுத்த ஆண்டு, 1963இல், நமக்கென்று இயற்றப்பட்ட ஊர்க்காவல் படைச் சட்டம் இருக்கிறது. பணிக்கு அழைக்கப்பட்ட உறுப்பினருக்கு, ஒரு போலீஸ் அதிகாரிக்கு உள்ள அதே அதிகாரமும் அதே பாதுகாப்பும் உண்டு என்கிறது அது. நல்ல சட்டம்தான். ஆனால் எல்லாம் அந்த ‘அழைக்கப்பட்ட’ என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. எட்டரை மணிப் போன், அழைப்பா இல்லையா? கால் நன்றாக இருக்கும்வரை அழைப்பு, உடைந்துவிட்டால் இல்லை என்பதுதான் இப்போதைய நடைமுறை.

எல்லையில் ராத்திரி வண்டிகளை நிறுத்தி நிற்பது விளையாட்டு அல்ல. 2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு அரசு துணை நின்றது, நிற்கத்தான் வேண்டும். அப்படி ஓர் இடத்தில் எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால், முதலில் தேடப்படுவது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைத்தான்.

ஒரு யூனிட் கல் எல்லை தாண்ட வேண்டுமென்றால் நடைச்சீட்டு வேண்டும். எந்தக் குவாரி, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே போகிறது, எல்லாம் அதில் இருக்கும். அந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, “சீட்டு எங்கே?” என்று கேட்கிறவனிடம் சீட்டு இல்லை. டிரைவர் திருப்பிக் கேட்டால் என்ன காட்டுவேன்? தொப்பியையா?

இது எங்களுக்காக மட்டும் கேட்பதும் இல்லை. எங்களைப் போலவே போலீசுக்கு உதவிய தன்னார்வலர்களின் போலீஸ் நண்பர்கள் குழு 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கியது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த வழக்கில் அந்தக் குழுவினர் மீதும் புகார் எழுந்த பிறகு, அதற்கு அரசே தடை போட்டது. யார், எந்த ராத்திரி, யார் சொல்லி நிலையத்தில் இருந்தார்கள் என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். அது எங்களையும் காக்கும், எங்களிடமிருந்து மக்களையும் காக்கும்.

டூட்டிக்குத் தரும் நாள்படியைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முப்பது நாள் படியைக் கூட்டினால் காவலரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே சொன்னது. எங்களுக்கு நாளுக்கு 560 ரூபாய் என்று ஆனது. சரி, உயர்ந்தது என்று சந்தோஷப்பட்டால், மாதத்தில் டூட்டி நாட்களைக் குறைத்துவிட்டார்கள். நாளைக் குறைத்த பிறகும் போன் மட்டும் குறையவில்லை. கணக்கில் வராத அந்த ராத்திரிகளுக்குப் பெயர்தான் போலிருக்கிறது, சேவை மனப்பான்மை. ஊர்க்காவல் படை தினமான டிசம்பர் 6 வந்தால் கவாத்து, சல்யூட், டீ, ஒரு ரசவடை.

மன்னிக்க வேண்டும், கோரிக்கையை விட்டு எங்கேயோ போய்விட்டேன். புதியவர்களுக்கு 45 நாள் பயிற்சி தொடங்குவதற்கு முன்பாவது, ஒவ்வொரு டூட்டிக்கும் எழுத்தில் அழைப்பு என்பதை ஓர் உத்தரவாகப் போட்டுவிடுங்கள். தயவுசெய்து.

செலவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மாதிரிச் சீட்டு ஒன்றை நானே டைப் செய்திருக்கிறேன். அரை ஏ4 தாள். பெயர், இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அழைத்தவர் கையெழுத்து. நூறு பிரதி எடுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஊர்க்காவல் படை உறுப்பினர் ஒருவர்