ருத்ராவுக்கும் ருத்ராவைத் தாங்கியவர்களுக்கும்

பாடும் கதிர் அண்ணன், டிரம்ஸ் வாசிக்கும் சிவா அண்ணன், இதுவரை ருத்ராவில் கிட்டார் வாசித்த அத்தனை அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய டெத் மெட்டல் (உறுமல் குரலும் அதிரடி கிட்டாருமான ராக் இசை) குழு நீங்கள். இன்னும் இருக்கிறீர்களே, முதல் நன்றி அதற்குத்தான். இங்கே ஒரு பேண்ட் எப்படிக் கலையும் என்று எல்லாருக்கும் தெரியும். டிரம்மர் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போவார். அவர் திரும்புவதற்குள் பாடகருக்கு அழைப்பு வந்துவிடும். அப்புறம் வேலை, கல்யாணம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடன். நீங்களும் 1996-இல் கலைந்தீர்கள். ஆனாலும் மறுபடி சேர்ந்து, 1998-இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

பூஜை அறையில் கேட்ட சமஸ்கிருதத்தையும், கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட மெட்டலையும் ஒரே பாட்டில் கேட்க முடியும் என்று எனக்குக் காட்டியது நீங்கள்தான். வீட்டில் உங்கள் பாட்டைப் போட்டபோது, ஸ்லோகம் கேட்டு அம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கதிர் அண்ணன் உறுமத் தொடங்கியதும், "சாமி பாட்டை ஏன்டா இப்படிக் கத்துறான்?" என்று திரும்பிப் போய்விட்டார். இதெல்லாம் வெறும் வித்தை என்று சொன்ன நண்பர்களும் உண்டு. சரி, 2005, 2009, 2011 என்று 'பிரம்மவித்யா'வை மூன்று ஆல்பங்களுக்கு இழுத்துச் சென்று வேதாந்தம் பேசுவதற்குப் பெயர் வித்தையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்களோடு சேர்த்து இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கச்சேரியில் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் ஸ்லாம் டான்ஸுக்குத் தடை இருந்த 90-களில், உள்ளூர்க் குழுக்களுக்குத் தன் தோட்டத்தைத் திறந்துவிட்ட ஆர்மீனியன் ஸ்திரீட் சப்ஸ்டேஷன் கலை மையத்துக்கு. 2021-இல் அந்தக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கத்து இசைக் கடைகளில், காசில்லாமல் நின்று கேட்ட பையன்களை விரட்டாத கடைக்காரர்களுக்கு. கைக்காசைப் போட்டுக் கச்சேரி நடத்தியவர்களுக்கு. முக்கியமாக, மேடைக்கு முன்னால் தலையை ஆட்டிய மலாய் அபாங்குகளுக்கு (அண்ணன்மார்களுக்கு). வரிகள் உபநிடதத்திலிருந்து வந்தன என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. தமிழ்க் கூட்டம் வரத் தயங்கிய காலத்திலும் அவர்கள் வந்தார்கள்.

அடுத்த கச்சேரிக்குத் தேதி முடிவானதும் சொல்லுங்கள் அண்ணே. முன்வரிசைக்கு வருகிறேன், இந்த முறை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

அன்புடன்,
உங்கள் ஊர்க்கார ரசிகன்