பாப்பாவுக்கு, உன் கட்டிலுக்கு அடியில கெடச்ச புக்க பத்தி

பாப்பா,

நல்லா இருக்கியா. அம்மா அனுப்புன முறுக்கு பார்சல் வந்துச்சா இல்லையான்னு ஒரு மெசேஜ் போடு, தீபாவளியே முடிஞ்சு போச்சு.

மேட்டர் என்னன்னா, போன வாரம் உன் ரூமுக்கு பெயிண்ட் அடிக்கலாம்னு கட்டில நகத்துனோம், அடியில ஒரு காதல் நாவல். இங்க சிங்கப்பூர்ல பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ்ல வாங்குன செகண்ட் ஹேண்ட் புக்கு, 4 வெள்ளின்னு விலை ஸ்டிக்கர் கூட அப்படியே இருக்கு. அட்டையில ஒரு பொண்ணும் பையனும் ஒரே குடையில நிக்கிறாங்க, பின்னாடி மலை மேல ஒரு கோட்டை. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு யோசிச்சா, நீ அனுப்புற எல்லா போட்டோலயும் பின்னாடி நிக்குதே, நீ படிக்கிற ஊரு, அதே எடின்பரோ கோட்டை.

அடிப்பாவி. யுனிவர்சிட்டி ரேங்கிங் அது இதுன்னு எக்செல் ஷீட் போட்டு காமிச்சியே! இங்கிலாந்துல டிகிரி 3 வருஷம், ஸ்காட்லாந்துல 4 வருஷம், ஒரு வருஷ ஃபீஸ் எக்ஸ்ட்ரா ஆகும்மான்னு நான் எவ்வளவு சொல்லிப் பாத்தேன், நீ மசியவே இல்ல. காரணம் இந்த 4 வெள்ளி புக்கா?

சரி அப்படி என்னதான் இருக்குன்னு நானும் படிச்சேன். யீஷூன்ல டிரெயின் ஏறுனா ஜூரோங் ஈஸ்ட் வர்ற வரைக்கும் ஒக்காந்து படிக்கலாம், அப்படியே ஒன்பது நாள்ல முடிச்சிட்டேன். கதை உனக்கே தெரியும், வெளிநாட்டுலேர்ந்து படிக்க வந்த பொண்ணு, ஊரு புதுசு, பேசுற இங்கிலீஷே புரியல, அப்புறம் அந்த லைப்ரரி பையன். பொய்யும் நெறைய இருக்கு. அவளுக்கு விசா கவலையே கெடயாது, நீ வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேல செய்யக்கூடாதுன்னு மணிக்கணக்கு எழுதி வச்சிருக்க, அவ பாட்டுக்கு தினமும் கஃபேல ஒக்காந்திருக்கா. எப்பப் பாத்தாலும் மழையில நனையிறா, துணி எப்படி காயுதுன்னு ஒரு பக்கத்துலயாவது எழுதியிருக்காங்களா? டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே அங்க இருட்டிடும்னு நீ சொன்ன, புக்குல அது ரொமான்ஸு, நீ சொன்னப்ப உன் கொரல் அப்படி இல்லையே.

ஆர்தர்ஸ் சீட்னு அங்க இருக்குற குன்று ஏறுற சீன் மட்டும் நல்லா இருந்துச்சு. 251 மீட்டராம், நம்ம புக்கிட் தீமா குன்று 164 தான், அதுக்கே நீ சின்ன வயசுல பாதி வழியில தூக்கிக்க சொல்லி அழுவ.

ஆனா ரெண்டும் வாயத் தொறக்க மாட்டேங்குதே! 280 பக்கம் ஆச்சு, அவனும் சொல்லல இவளும் சொல்லல, உட்லண்ட்ஸ் தாண்டும்போது நான் சத்தமாவே "சொல்லித் தொலையேன்டா"ன்னுட்டேன், பக்கத்துல இருந்த ஆன்ட்டி எந்திரிச்சு வேற சீட்டுக்கு போயிட்டாங்க.

அப்புறம் யோசிச்சா நான் மட்டும் என்னவாம். உங்கம்மா தேக்கா பூக்கடையில நின்னப்ப ரெண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம மல்லி வாங்கியிருக்கேன், எனக்கு பக்தி முத்திப்போச்சுன்னு உங்க பாட்டி எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரிஞ்சாங்க. கடைசியில கேட்டது யாரு தெரியுமா, அம்மாதான். "பூ வாங்க வர்றீங்களா என்னைய பாக்க வர்றீங்களா"ன்னு. நான் காச குடுத்துட்டு மிச்சம் கூட வாங்காம ஓடிட்டேன்.

சாங்கி ஏர்போர்ட்லயும் அதே கதைதான். பாஸ்போர்ட் எடுத்தியா, பாஸ்போர்ட் எடுத்தியான்னு நாலு தடவ கேட்டேன், நீ கூட எரிச்சலாயிட்ட. கேக்க நெனச்சது அது இல்ல.

அந்த பொண்ணு மொத மாசம் பூரா பாத்ரூம்ல போயி அழுதுட்டு, வீட்டுக்கு போன் பண்ணி எல்லாம் சூப்பர்னு சொல்றா பாரு, அந்த பக்கத்த நீ மடிச்சு வச்சிருக்க. அது நீ போறதுக்கு முன்னாடி மடிச்சது, எனக்கு தெரியும். இருந்தாலும் அந்த பக்கத்துலயே நின்னுட்டேன். ஜூரோங் ஈஸ்ட்ல எறங்கவும் மறந்துட்டேன், டிரெயின் திரும்பி புக்கிட் பாத்தோக்கே வந்துடுச்சு. நீ "ஓகே பா, ஃபைன் பா"ன்னு சொல்றதெல்லாம் இனிமே நான் வேற மாதிரிதான் கேப்பேன், சொல்லிட்டேன்.

குடை புடிக்க யாராச்சும் இருந்தா அதையும் சொல்லு, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். சமைக்க தெரியுமான்னு மட்டும் கேட்டு வை, உனக்கு தெரியாது.

அப்புறம் கோட்டையில தினமும் ஒரு மணிக்கு பீரங்கி வெடிக்கிறாங்களே, அது புக்குல வந்துச்சு, நான் தேடிப் பாத்தேன். 1861லேர்ந்து வெடிக்கிறாங்களாம், மூடுபனியில கப்பல்ல இருக்குறவங்களுக்கு மணி தெரியணும்னு ஆரம்பிச்சதாம். ஷிப்யார்ட்ல இத்தன வருஷம் வேல பாத்து எனக்கே தெரியாது பாரு. இப்ப 8 மணி நேர வித்தியாசம், உனக்கு மத்தியானம் ஒண்ணு, எனக்கு ராத்திரி ஒம்பது. கோட்டை பக்கமா போயி நின்னு போன் போடேன், ஸ்பீக்கர்ல போட்டு நானும் அம்மாவும் கேக்குறோம். ஞாயித்துக்கிழம வெடிக்க மாட்டாங்களாம், சனிக்கிழம போடு.

அப்பா