பிரதமரை விட்டுவிடு, மாலதி

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய மாதிரிப் பதிவுகளும் வந்து சேர்ந்தன. பதில் தாமதம். காரணம் சொன்னால் நீ வழக்கமாகச் சொல்வதைச் சொல்வாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரேவதிக்குப் பேத்தி பிறந்துவிட்டாள், இனி அவளிடம் வேறு பேச்சே எடுபடாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற கையோடு வலைப்பதிவு தொடங்கப்போகிறாய், அதிலும் அரசியல்தான் எழுதப்போகிறாய் என்றதும் துள்ளினேன். பதிவுகளைப் படித்ததும் எரிச்சல் வந்தது. பிரதமர், கூட்டணிக் கணக்கு, நாடாளுமன்ற அமளி! ஏன்டீ, ஆயுள் முழுக்கத் தணிக்கையில் உட்கார்ந்து நகராட்சி வவுச்சர்களைப் புரட்டியவள் நீ. ஒரு டெண்டர் ஃபைலைத் திறந்தால் மூன்றாவது பக்கத்திலேயே மூக்கைச் சுருக்குவாயே, அந்த மாலதி எங்கே போனாள்? பிரதமரைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே செய்தியைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கோபத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். இதில் நீ வேறு எதற்கு?

தேசிய அரசியலில் பதிவர்கள் எதையுமே கிழிக்கவில்லையா என்று சண்டைக்கு வருவாய். கிழித்தார்கள். ஆனால் எப்படி என்று பார். 2002 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழா. அமெரிக்க செனட்டில் பெரும்பான்மைத் தலைவராகப் பொறுப்பேற்கவிருந்த டிரென்ட் லாட் அங்கே பேசினார். 1948 அதிபர் தேர்தலில் தர்மண்ட் ஜெயித்திருந்தால் நாட்டுக்கு இத்தனை பிரச்சினை வந்திருக்காது என்பது அந்தப் பேச்சின் சாரம். தர்மண்ட் அந்தத் தேர்தலில் நின்றதே இனப் பிரிவினையைக் காப்பாற்றத்தான். பெரிய பத்திரிகைகள் பலவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜோஷ் மார்ஷல் மாதிரிப் பதிவர்கள் விடவில்லை. வலதுசாரிப் பதிவர்களிலும் சிலர் விடவில்லை. 1948-ல் அவர் எதைக் கேட்டு நின்றார் என்று நாள்தோறும் நினைவூட்டினார்கள். டிசம்பர் 20-ம் தேதி லாட் தலைமைப் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். அங்கே ஜெயித்தது ஞாபகசக்தி. கோபம் எல்லோரிடமும்தான் இருந்தது.

2004-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியிலும் இதேதான். அதிபர் புஷ்ஷுக்குப் பாதகமாக, அவர் தேசியக் காவல் படையில் இருந்த காலத்துக் கடிதங்கள் என்று சில தாள்களைக் காட்டினார்கள். எழுபதுகளின் தட்டச்சு இப்படி இருக்காது, இது கணினியில் அடித்தது போல இருக்கிறது என்று பதிவர்கள் எழுத்துருவையும் இடைவெளியையும் அளந்து காட்டினார்கள். அந்தத் தாள்களின் உண்மைத்தன்மையை நிரூபிக்க முடியவில்லை என்று சேனல் ஒப்புக்கொண்டது. அடுத்த மார்ச்சில் டான் ராதர் செய்தி வாசிக்கும் நாற்காலியை விட்டு எழுந்தார். பதிவர்களுக்கு புஷ் மேல் இருந்த பாசம் தனி விஷயம். உன்னைப் போல யாரோ தாளை உற்றுப் பார்த்தார்கள், அதுதான் நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2007. அரசு வழக்கறிஞர்களைப் பணிநீக்கம் செய்த விவகாரத்தில் அமெரிக்க நீதி அமைச்சகம் ஆயிரக்கணக்கான பக்கங்களை மொத்தமாகக் கொட்டியது, யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில். மார்ஷலின் தளம் வாசகர்களைக் கூப்பிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் படித்துக் கண்டதைச் சொல்லுங்கள் என்றது. படித்தார்கள். ஆகஸ்டில் அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஆல்பெர்ட்டோ கொன்ஸாலெஸ் ராஜினாமாவை அறிவித்தார். 2008-ல் மார்ஷலுக்கு ஜார்ஜ் போல்க் பத்திரிகை விருது கிடைத்தது. இதைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். நம் செட்டில் இந்த மாதிரிக் கட்டைப் பார்த்து முகம் மலரும் ஆள் நீ ஒருத்திதானே!

இன்னொன்று. ஹென்றி ஃபாரெல், டேனியல் டிரெஸ்னர் என்று இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். பதிவுகளை மக்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைவிடப் பத்திரிகையாளர்கள் படிக்கிறார்கள் என்பதுதான் அவற்றின் பலம் என்பது அவர்கள் வாதம். ஆகவே 'என் பதிவை யார் படிப்பா' என்று புலம்பாதே. உன் ஊர் நிருபர்கள் இரண்டு பேரும், கமிஷனரும், எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் படித்தால் போதும்.

தேசிய அரசியலை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? 2004 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் பதிவுகளுக்கிடையே இருந்த இணைப்புகளை லாடா அடாமிக், நடாலி கிளான்ஸ் இருவரும் வரைபடமாகப் போட்டார்கள். இரு தரப்பும் தந்த இணைப்புகளில் 91 சதவீதம் தங்கள் தரப்புக்கே. அதாவது எல்லோரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தார்கள். பதிவுகளுக்கே அந்த கதி. அதற்குப் பிறகு வந்த சமூக ஊடகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாரசீக மொழியில் பதிவெழுதக் கற்றுக்கொடுத்த ஹொசைன் தெரக்ஷான் 2008-ல் ஈரானில் கைதாகி 2014 கடைசியில் விடுதலையானார். வெளியே வந்து பார்த்தால், தான் எதற்காகச் சிறை போனாரோ அந்த இணையமே காணோம். ஒருவர் இன்னொருவருக்குத் தரும் இணைப்பு செத்துப்போய், நிறுவனங்கள் ஊட்டிவிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று எழுதினார். மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

பதிவிலிருந்து நேராக அரசியலுக்குப் போனவர்களும் உண்டு. இத்தாலியில் நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ 2005-ல் பதிவு தொடங்கினார். 2009-ல் அது ஐந்து நட்சத்திர இயக்கம் ஆனது. 2013 தேர்தலில் நாலில் ஒரு வாக்கு அவர்களுக்கு. மலேசியாவில் 2008 மார்ச்சில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்த தேர்தலில் ஜெஃப் ஊய் என்ற பதிவர் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். இணையத்தை அலட்சியம் செய்தது பெரிய தவறு என்று பிரதமர் அப்துல்லா படாவியே பிறகு ஒப்புக்கொண்டார். நீ தேர்தலில் நிற்பதாக உத்தேசம் இருந்தால் இப்போதே சொல்லிவிடு, ரேவதியைப் பிரச்சாரத்துக்கு அனுப்பக்கூடாது என்பது என் நிபந்தனை. பழைய நாற்காலி விவகாரம் போதும்.

சரி, விளையாட்டு போதும். உள்ளூரை எழுது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேனே, அதில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. உன் பதிவுகளைப் படித்ததிலிருந்து அதே யோசனைதான்.

பிரதமரைத் திட்டினால் பெரும்பாலும் அவருக்குத் தெரியவே தெரியாது. வார்டு கவுன்சிலருக்கு உன் வீடு தெரியும், உன் பையன் எந்த நேரத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறான் என்பதும் தெரியும். சாலை ஒப்பந்தத்தில் நீ கேட்கும் ஒரு கேள்வி ஒருவருடைய பிழைப்பில் நேராகக் கை வைக்கும். சின்ன இடத்தில்தான் எழுத்துக்கு உடனே பலன். ஆபத்தும் அங்கேதான்.

வேல்ஸில் கார்மார்தன்ஷயர் என்று ஒரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. அதன் சபைக் கூட்டத்தை ஒரு பெண் பதிவர் பார்வையாளர் இடத்திலிருந்து கைபேசியில் படம் பிடித்தார். 2011-ல் அதற்காக போலீஸ் வந்து அழைத்துப் போனது. பிறகு அவருக்கும் சபையின் தலைமை அதிகாரிக்கும் மாறி மாறி அவதூறு வழக்கு. 2013-ல் அந்தப் பெண் தோற்றார், 25,000 பவுண்டு நஷ்டஈடு. இதோ நீ ரசிக்கும் இடம்: அந்த அதிகாரியின் எதிர்வழக்குச் செலவுக்குச் சபையே பொறுப்பேற்றிருந்தது, அது சட்டவிரோதம் என்று 2014 ஜனவரியில் சொன்னது யார்? தணிக்கைத் துறை! உன் ஜாதிதான். அதே ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து இங்கிலாந்தில் சபைக் கூட்டங்களை யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம் என்று விதி வந்தது. ஆனால் தீர்ப்பு அந்தப் பெண்ணுக்கு எதிரானதுதான், மறந்துவிடாதே. கூட்டத்தைப் படம் பிடித்ததற்காக அவர் தோற்கவில்லை. எழுதிய சொற்களுக்காகத் தோற்றார்.

மால்டாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். அப்போது ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத தீவு, அங்கே தேசிய அரசியலும் தெரு அரசியலும் ஒன்றுதான். டாஃப்னி கருவானா கலீட்சியா தனியாளாக ஒரு பதிவில் அமைச்சர்களையும் அவர்களுடைய பனாமா நிறுவனங்களையும் பற்றி எழுதினார். நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள். வங்கிக் கணக்கை முடக்கினார்கள். 2017 அக்டோபர் 16 மதியம், எங்கு பார்த்தாலும் அயோக்கியர்கள், நிலைமை கைமீறிவிட்டது என்று எழுதி முடித்துவிட்டுக் காரில் கிளம்பினார். வீட்டுக்குப் பக்கத்திலேயே குண்டு வெடித்தது. மால்டா பிரதமர் ஜோசப் மஸ்கட் பதவி விலகுவதாக அறிவிக்க 2019 டிசம்பர் வரை ஆயிற்று. அந்தக் கொலைக்கு அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2021-ல் விசாரணைக் குழு சொன்னது.

உன்னைப் பயமுறுத்தி உட்காரவைக்க இதை எழுதவில்லை. பயமுறுத்தினால் நீ இன்னும் இரண்டு பதிவு கூடுதலாக எழுதுவாய் என்று தெரியாதா எனக்கு? கண்ணைத் திறந்துகொண்டு இறங்கு என்கிறேன். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்துவிட்டது, எரிச்சல் மூட்டினாய் என்று சொல்லி அந்தப் பிரிவில் உள்ளே தள்ள முடியாது. ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான், 2016-ல் அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதனால் 'திருடன்', 'கொள்ளைக்காரன்' என்ற சொற்களை உன் விசைப்பலகையிலிருந்தே பிடுங்கிவிடு. தீர்மான எண், தேதி, மதிப்பீட்டுத் தொகை, கொடுத்த தொகை, இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், படிப்பவர் தானே சொல்லிக்கொள்வார். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டுவிட்டு வெளியிடு. அவர் பதில் தராவிட்டால் தரவில்லை என்று எழுது, தந்தால் முழுதாகப் போடு. மூலத் தாள்களின் நகல் உன் வீட்டில் மட்டும் இருக்கக்கூடாது, ஒரு பிரதி எனக்கு வரட்டும். பின்னூட்டங்களை நீ பார்க்காமல் வெளியே விடாதே. உன்னைவிட ஆவேசமான ஆதரவாளர்தான் உன்னை வழக்கில் மாட்டிவிடுவார். பெயர் போட்டு எழுதுவதா புனைபெயரா என்பதில் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. பெயர் போட்டால் மதிப்பு. போடாவிட்டால் நிம்மதி, அதுவும் அந்த ஊரில் எத்தனை நாளைக்கு? வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

முதல் பதிவுக்கு விஷயம் நானே சொல்கிறேன். போன கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, ஒரே மழைநீர் வடிகாலுக்கு இரண்டு வேலை உத்தரவு என்று? பிரதமரைப் பற்றிய அத்தனை பதிவையும்விட எனக்கு அந்த ஒரு வரிதான் பிடித்தது. அதை விரித்து எழுதி அனுப்பு. வெளியிடுவதற்கு முன் சுந்தரத்தின் வக்கீல் மருமகளிடம் ஒருமுறை காட்டலாம். சுந்தரத்திடம் மட்டும் காட்டாதே, நடுவில் தன் கவிதை ஒன்றைச் சொருகிவிடுவான்.

அன்புடன்,
சரசா